புள்ளியிலேயே பொசுக்கிவிடலாம்!

கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய் ஒரே நாளில் வந்துவிடுவது இல்லை. முதலில் அங்கே சில செல்கள் கெட்டுப் போகின்றன. அவை புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்குள் கண்டுபிடித்து அழித்துவிட்டால், அந்த நோய் வராமலே தடுத்துவிடலாம்.

ஆனால் கண்டுபிடிப்பது எப்படி? வலி இருக்காது. காய்ச்சல் இருக்காது. திருத்தணி மலையின் 365 படிகளையும் மூச்சு வாங்காமல் ஏறுகிற பெண்ணுக்கும் இது இருக்கலாம்!

வினிகர் சோதனை

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஊறுகாயில் ஊற்றுகிறோமே வினிகர், அதில் உள்ள அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார்கள். கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் அல்ல. மேலும் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனை உயிரைக் காக்குமா என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்தில் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். 2000-ம் ஆண்டில் வேலை தொடங்கியது. டாக்டர் சங்கரநாராயணன் தலைமை தாங்கினார். அம்பிளிக்கை கிறிஸ்தவ ஆஸ்பத்திரி இதில் பங்கு கொண்டது. 30 முதல் 59 வயது வரை உள்ள 49 ஆயிரத்து 311 பெண்கள் சோதனைக்கு உரியவர்கள். பயிற்சி பெற்ற நர்சுகளே சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் செய்தார்கள்.

2007-ல் முடிவு வெளிவந்தது. சோதனை நடக்காத ஊர்களைவிட, நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது!

சோதனைக்கு வந்தவர்கள் 31 ஆயிரத்து 343 பேர். மற்ற 18 ஆயிரம் பேர் வரவில்லை. கிராமத்துக்கே வந்து அழைத்தும் இப்படி!

லேசர் என்ன செய்கிறது?

லேசர் என்பது ஒரே முனையில் குவிக்கப்பட்ட ஒளிக்கதிர். பூதக்கண்ணாடி போன்ற கருவியால் பார்த்தபடியே, டாக்டர் அதைக் கெட்ட இடத்தில் மட்டும் பாய்ச்சுகிறார். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. கெட்ட செல் மறைகிறது. பக்கத்தில் உள்ள நல்ல சதைக்குச் சேதம் குறைவு.

கருவியின் விலைதான் அதிகம். அதனால் திண்டுக்கல்லில் குளிர வைக்கும் முறையைக் கையாண்டார்கள். வாயுவால் குளிரூட்டிய உலோக முனையை வைத்து, கெட்ட இடத்தை உறைய வைத்து அழிப்பது அது. இப்பொழுது சூடான முனையால் சுடும் முறையும் வந்திருக்கிறது. கெட்ட பகுதி உள்ளே ஆழமாகப் போயிருந்தால் இவை போதாது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

வெட்கம் வேண்டாம்

இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. இதை நிலைநாட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவில் தொற்றும் இந்தக் கிருமி மிகச் சாதாரணமானது. பெரும்பாலோர் உடலில் தானாகவே போய்விடும். ஆகவே மனைவியின் நடத்தையைச் சந்தேகிக்கிற கணவன் வைத்தியம் அறியாதவன்.

தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தச் சோதனை இலவசம். சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சில வாரம் நீர்போல் கசிவு இருக்கும். சுமார் 4 வாரம் தாம்பத்திய உறவு கூடாது. ஓர் ஆண்டு கழித்து மறுபடியும் சோதித்துக்கொள்ள வேண்டும்.