பெரியவற்றின் நடுவே சிறிய தொலைபேசி வலையமைப்பு

நம் நாட்டில் ஒரு கையடக்கத் தொலைபேசி இலக்கத்தின் முதல் மூன்று எண்களைக் கேட்டதும், அதனை ஆதியில் வழங்கிய நிறுவனம் எதுவென்று பலரும் சொல்லிவிடுவர். 071 எனின் மொபிட்டெல். 077 எனின் டயலொக். ஆனால் 072 என்று தொடங்கும் இலக்கத்தின் வரலாறு அத்துணை எளியதன்று. அதனை வழங்கிய செல்டெல், 1989இல் இலங்கையில் முதன்முதலாகக் கையடக்கத் தொலைபேசிச் சேவையை ஆரம்பித்த நிறுவனமாகும். அது 2007இல் டிகோ எனப் பெயர் மாறியது. 2009இல் அபுதாபியைச் சேர்ந்த எட்டிசலாட் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2018இல் ஹட்ச் நிறுவனத்துடன் இணைந்தது. 075 என்னும் இலக்கத்தோடு வந்த எயார்டெல், 2024 ஜூனில் டயலொக்குடன் ஒன்றாயிற்று. 2009இல் ஐந்தாக இருந்த வலையமைப்புகள் இன்று மூன்றே. முந்தி வந்தவரும் நிலைக்கவில்லை, பிந்தி வந்தவரும் நிலைக்கவில்லை என்றால், நலிந்த வலையமைப்பொன்று வலியவற்றோடு போட்டியிட்டு வாழ்தல் இயலுமா?

இவ்வினாவுக்கு விடை காண, இத்தொழிலின் செலவு எத்தன்மையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பஸ் வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஐம்பது பேர் ஏறினாலும் பதினைந்து பேர் ஏறினாலும் எரிபொருட் செலவும் சாரதியின் சம்பளமும் பெரிதும் மாறுவதில்லை. தொலைபேசிக் கோபுரத்தின் நிலையும் அதுவே. நிலத்தின் வாடகை, மின்சாரம், மின்தடையின்போது ஓடும் டீசல் இயந்திரம், பழுதுபார்ப்போரின் ஊதியம் ஆகியன யாவும், அக்கோபுரத்தைப் பயன்படுத்துவோர் ஆயிரம் பேராயினும் நூறு பேராயினும் ஏறக்குறைய ஒன்றே. பெரிய நிறுவனம் அச்செலவை ஆயிரம் தலைகளிற் பகிர்கின்றது. சிறிய நிறுவனமோ நூறு தலைகளிற் பகிர வேண்டியிருக்கின்றது.

அடுத்தது அலைக்கற்றை. வானொலி கேட்போருக்கு இது புதிய விடயமன்று. மத்திய அலை ஒலிபரப்பு நெடுந்தூரம் செல்கின்றது, எப்.எம். ஒலிபரப்பு அவ்வளவு தூரம் செல்வதில்லை. தொலைபேசியிலும் தாழ்ந்த அதிர்வெண்ணையுடைய அலைகள் தொலைவுக்குப் பரவுவதோடு சுவர்களையும் ஓரளவு எளிதிற் கடக்கின்றன. அத்தகைய அலைக்கற்றை போதிய அளவு கிடைத்த நிறுவனம் குறைந்த கோபுரங்களைக் கொண்டே கிராமப்புறங்களை எட்டிவிடும். கிடைக்காத நிறுவனம் அதே பரப்புக்குக் கூடுதலான கோபுரங்களை நாட்டவேண்டும். பணம் குறைந்தவருக்கே செலவு கூடும் விந்தை இது.

இந்நிலையிற் பிந்தி வந்தவர் கையிலெடுக்கும் முதல் ஆயுதம் விலைக்குறைப்பு. 2009 ஜனவரியில் எயார்டெல் இலங்கையிற் சேவையை ஆரம்பித்தபோது நிகழ்ந்த கட்டணப் போர் நேயர்கள் பலருக்கும் நினைவிருக்கும். அழைப்புக் கட்டணங்கள் மளமளவென இறங்கின. ஏனைய நிறுவனங்களும் தம் கட்டணங்களைக் குறைத்தன. எந்த நிறுவனமும் இதற்குக் கீழே செல்லலாகாது என்று 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ஓர் எல்லை வகுக்க நேர்ந்தது. பொதுமக்களுக்கு இலாபம் கிட்டியது. விலையைக் குறைத்தவருக்கோ நிலையான அனுகூலம் கிட்டவில்லை. ஒருவர் குறைத்த விலையை மற்றவரும் மறுநாளே குறைக்கலாம். ஆனால் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நாட்டிய கோபுரங்களை மற்றவர் மறுநாளே நாட்டிவிட முடியாது.

விலை குறைந்திருந்தும் மக்கள் ஏன் திரண்டு செல்லவில்லை? ஒரே வலையமைப்பினுள் பேசுவதற்குச் சலுகை வழங்கும் வழக்கம் இதற்கு ஒரு காரணம். தாயும் மக்களும் மைத்துனரும் ஒரு நிறுவனத்திலிருக்க, ஒருவர் மட்டும் வெளியேறினால் அவருக்கு நட்டம். இலக்கத்தை இழக்க நேரிடுமென்னும் அச்சம் மற்றொரு காரணம். கடைக்காரரும் முச்சக்கரவண்டிச் சாரதியும் தம் இலக்கத்தையே பெயர்ப்பலகையாகக் கொண்டு தொழில் செய்வோர். இக்குறையை நீக்கும் பொருட்டே, இலக்கத்தை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை பல நாடுகளில் ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவில் அது 2011 ஜனவரியில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

இவற்றோடு காலத்தின் மாற்றமும் சேர்ந்தது. பேச்சைவிட இணையமே முதன்மை பெற்றபோது, டயலொக்கும் மொபிட்டெல்லும் 2013இல் நான்காம் தலைமுறைச் சேவையைத் தொலைபேசிகளுக்கு வழங்கலாயின. ஹட்ச் 2018இலேயே அதனை ஆரம்பித்தது; எயார்டெல் அதற்கும் பின்னரே அதனை எட்டியது. பின்பு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது, மின்கட்டணமும் பன்மடங்காயிற்று. கருவிகளை டொலர் கொடுத்து வாங்கி, வருமானத்தை ரூபாவிற் பெறும் தொழிலுக்கு இது பேரிடி. இந்தியாவிற் பெருநிறுவனமாக விளங்கும் எயார்டெல்லே இங்கு தனித்து நில்லாமல், டயலொக்கின் பங்குகளில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்குச் சற்று அதிகமானதைப் பெற்று இணைந்துகொண்டது. தாய் நிறுவனத்தின் செல்வம் கிளையின் பலவீனத்தை ஈடுசெய்யாது என்பதற்கு இது சான்று.

இதனால் நலிந்தவர் எழவே முடியாதென முடிவுகட்டலும் தவறாகும். ஐக்கிய அமெரிக்காவில் ரி-மொபைல் நிறுவனம் 2011இல் நான்காம் இடத்திற் தளர்ந்து கிடந்தது. அதனை 3,900 கோடி டொலருக்கு வாங்க ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் முயன்றது, போட்டி குன்றுமென்று அரசாங்கம் வழக்குத் தொடுக்கவே, அம்முயற்சி அவ்வாண்டு டிசம்பரிற் கைவிடப்பட்டது. முறிந்த உடன்படிக்கைக்கு ஈடாக ரி-மொபைலுக்கு 300 கோடி டொலரும் அலைக்கற்றையும் கிடைத்தன. அதன்பின் அந்நிறுவனம் மக்களின் மனக்குறை எதுவென்று ஆராய்ந்தது. ஈராண்டு ஒப்பந்தத்தால் வாடிக்கையாளரைக் கட்டிவைக்கும் முறையை 2013இல் ஒழித்தது. 2015இல் மூன்றாம் இடத்துக்கு உயர்ந்து, 2020இல் ஸ்பிரின்ட் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்து முன்னணிக்கு வந்தது.

ஆகவே விடை இதுதான்: சிறிய வலையமைப்பு போட்டியிடலாம், ஆனால் மலிவை மட்டும் நம்பிப் போட்டியிட முடியாது. அலைக்கற்றை வேண்டும், கோபுரங்களைப் பிறருடன் பகிர்ந்து செலவைக் குறைக்கும் வழி வேண்டும், பெரியவர்கள் கவனியாது விட்ட மனக்குறையொன்றைத் தீர்க்கும் அறிவும் வேண்டும். வாடிக்கையாளர் தடையின்றி இடம்மாறத் துணைநிற்கும் சட்டமும் வேண்டும். இவற்றுட் பல அரசாங்கத்தின் கையில் இருப்பவை.

ஐந்து நிறுவனங்கள் மூன்றானதில் நன்மையும் உண்டு. ஒரே ஊரில் ஐந்து கோபுரங்கள் நிற்பதும் வீண்செலவே. ஆனால் எயார்டெல் வந்த நாளிற் கட்டணம் குறைந்ததன் காரணத்தை மறந்துவிடலாகாது. அன்று விலையை இறக்கியது புதிதாய் வந்த ஒருவருக்கிருந்த தேவை. அத்தகையவர் இல்லாத சந்தையில் அந்தக் காவற்பணி ஆணைக்குழுவையும், கட்டணப்பட்டியலைக் கவனித்துக் கேள்வி கேட்கும் பொதுமக்களையும் சேர்ந்ததாகின்றது.