உங்களுக்குத் தெரியுமா? பட்டப்பகலை இருட்டாக்கிய வயல் மண்

1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கான்சாஸ், ஓக்லஹோமா பகுதிகளில் பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. மலைபோல் எழுந்து வந்து சூரியனை மறைத்தது உழவர்களின் மேல்மண்! அந்த நாளை இன்றும் ‘கறுப்பு ஞாயிறு’ என்கிறார்கள்.

முதல் உலகப் போரின்போது கோதுமை விலை எகிறியது. காலங்காலமாக மண்ணை வேரால் பிடித்து வைத்திருந்த புல்வெளிகளை டிராக்டர் விட்டு உழுது தள்ளினார்கள். அறுவடைக்குப் பின் தாளையும் கொளுத்தி, நிலத்தை மூடாக்கு இல்லாமல் போட்டார்கள். 1930-களில் மழை பொய்த்தது. 1934 மே மாதம் அடித்த காற்றில் புழுதி நியூயார்க் வரை போனது.

ஜன்னல்களில் ஈரத்துணி தொங்கவிட்டார்கள். சாப்பிட உட்காரும்வரை தட்டுகளைக் கவிழ்த்தே வைத்தார்கள். அப்படியும் புழுதி நுரையீரலில் இறங்கி எத்தனையோ குழந்தைகள் நிமோனியாவில் இறந்தார்கள். 1940-க்குள் ஏறத்தாழ 25 லட்சம் பேர் அந்தச் சமவெளி மாநிலங்களை விட்டே போய்விட்டார்கள்.

வறட்சி அங்கே புதிதல்ல. புல் இருந்தவரை மண் தாங்கியது. பழியை வானத்தின் மேல் மட்டும் போட முடியாது.

மண் அறிஞர் ஹியூ பென்னட்டின் விடாப்பிடியான முயற்சியால் அதே 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1942-க்குள் சுமார் 22 கோடி மரங்கள் காற்றுத் தடுப்பாக நடப்பட்டன.