குத்தலும் குடைச்சலும்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடமொன்றில், உளியின் தலையைத் தவறவிட்ட சுத்தியல் பெருவிரலின்மீது விழுந்தால், முதற்கணத்தில் சுரீரென்று ஒரு வேதனையும், அது அடங்குமுன்னரே விண் விண்ணென்று தெறிக்கும் வேறொரு வேதனையும் உண்டாவதை அத்தொழிலில் உள்ளோர் யாவரும் அறிவர். அடி ஒன்றாயிருக்க, வலி இரண்டாவது ஏன்? வலியை முதுகுத்தண்டுக்கு ஏந்திச் செல்லும் நரம்பிழைகள் இரு ஜாதியின: மெல்லிய உறை போர்த்த ஏ-டெல்டா இழைகளில் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வரை விரைய, உறையற்ற சி இழைகளில் 2 மீட்டர்கூட எட்டாமல் ஊர்ந்து வருகிறது.

குத்தல், எரிச்சல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல் என்று செங்கல்பட்டு அரசு மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையில் காதில் விழும் சொற்களை வெறும் புலம்பலென்று தள்ளுவது பேதைமை. எரிச்சலும், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வும் பெரும்பாலும் நரம்பே பழுதுற்றதன் லக்ஷணம். விட்டுவிட்டுப் பிசையும் வயிற்றுவலி குடலின் சுருக்கத்தைச் சுட்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக், 1975-இல், இத்தகைய ஆங்கிலச் சொற்கள் 78-ஐ 20 தொகுதிகளாக்கி ஒரு வினாத்தாளே அமைத்தார்.

தலைவலியை ஆங்கிலேயர் தம் உடைமைபோல் ‘வைத்திருக்க’, எபிரேயரோ நம்மைப்போலவே ‘எனக்கு வலிக்கிறது’ என்பர். ஆயினும் வலி எழும் இடத்தைச் சொல்வதில் எம்மொழியாரும் ஏமாறுவதுண்டு. இதயத்தின் நரம்புகளும் இடக்கையின் நரம்புகளும் முதுகுத்தண்டின் ஒரே பகுதியில் நுழைவதால், மாரடைப்பின் வேதனையை மூளை கையின் வேதனையென்றே கொள்கிறது. சிலருக்கு அது மேல்வயிற்றிலும் தோன்றும். வியர்த்துக்கொட்டும் அவ்வேளையில், ‘வாயுப் பிடிப்பு’ என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்ளும் நம்மவர் வழக்கத்தையே மருத்துவர்கள் மிக அஞ்சுகின்றனர்.