இன்ஜினுக்கு ஒரு காது

ஓரிக்கைப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து உத்திரமேரூர்ச் சாலையில் செல்லும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்திருக்கிறீர்களா? பின்னால் ஒருவர், முன்னால் ஒரு மூட்டை. வேகம் குறைந்த பிறகும் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால், இன்ஜினிலிருந்து 'டிங், டிங்' என்று ஓர் ஓசை எழும். சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போல இருக்கும். மெக்கானிக்குகள் இதனை 'நாக்கிங்' என்பார்கள். நாம் 'தட்டல்' என்று சொல்வோம்.

உள்ளே தட்டுவது யார்? இரும்பு அன்று, வாயு!

தட்டல் ஏன் உண்டாகிறது?

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. ஸ்பார்க் பிளக் ஒரு தீப்பொறியைத் தருகிறது. அங்கே தொடங்கும் சுடர், வினாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் சிலிண்டர் முழுவதும் சீராகப் பரவுகிறது. இதுவே முறையான எரிதல்.

சுடர் முன்னேறும்போது, இன்னும் எரியாமல் மூலையில் இருக்கும் கலவை மேலும் நெருக்கப்படுகிறது. அதன் வெப்பநிலையும் ஏறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால், சுடர் வந்து சேருமுன் அது தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொள்கிறது. அப்போது பிறக்கும் அழுத்த அலைகள் சிலிண்டரின் சுவர்களில் மாறிமாறி மோதுகின்றன. நாம் கேட்பது அந்த ஓசையே.

ஓசையோடு போனால் கவலையில்லை. எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆயினும் அலுமினியப் பிஸ்டன் உருகுவதில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம் ஒரு போர்வை போல அதனைக் காக்கிறது. தட்டலின் அலைகள் இந்தப் போர்வையைக் கிழித்துவிடுகின்றன. கடுமையான தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டையே விழுந்துவிடும்.

டர்போவும் வெப்பமும்

நம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு கார்ப் பந்தயப் பாதை இருக்கிறது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். 2023-இல் தொடங்கிய இந்திய ஃபார்முலா 4 போட்டியின் கார்கள் இங்கும் ஓடின. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவிலும் ஓடின. அவற்றின் இன்ஜின் 1.3 லிட்டர்தான், ஆனால் டர்போ பொருத்தியது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. இதுவே டர்போ.

காற்றை அமுக்கினால் சூடேறும். சைக்கிள் பம்ப்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். 35 டிகிரியில் உள்ள காற்றை 1.8 மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், இழப்பே இல்லாத கருவியிலும் அது சுமார் 91 டிகிரியாகிவிடும். அதாவது 56 டிகிரி கூடுதல். பிஸ்டன் அதனை மேலும் பத்தில் ஒரு பங்கு பருமனுக்கு நெருக்கும்போது, இந்த வேறுபாடு இரு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. தட்டல் வாயிலில் வந்து நிற்கிறது! இடையில் குளிர்விப்பான் ஒன்றை வைப்பது இதனால்தான்.

தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே தந்தால் விசை கூடும். அளவு மீறினால் தட்டல் வரும். எனவே பந்தய இன்ஜினைச் சீர்செய்பவர் அந்த எல்லைக்கோட்டை ஒட்டியே நடக்கவேண்டும். காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டி, தீப்பொறியின் நேரத்தை ஒவ்வொரு டிகிரியாக முன்தள்ளி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். இன்ஜினில் மைக்ரோபோனைப் பொருத்தி, ஹெட்போன் வழியாகக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் வேகமாகச் சுழலும் இன்ஜினின் இரைச்சலில் மெல்லிய தட்டலைப் பிரித்தறிவது எப்படி?

ஓசையின் சுருதி

இயற்பியல் இங்கே கைகொடுக்கிறது. டபராவில் உள்ள காப்பியை இலேசாக அசைத்தால், அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அலைமோதும். தட்டலின்போது சிலிண்டரிலுள்ள வாயுவும் அவ்வாறே பக்கவாட்டில் அலைகிறது. அதன் அதிர்வெண்ணுக்கு எளிய சூத்திரம் உண்டு:

அதிர்வெண் = 0.586 × ஒலியின் வேகம் ÷ சிலிண்டரின் விட்டம்

சூடான வாயுவில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 950 மீட்டர். விட்டம் 80 மில்லிமீட்டர், அதாவது 0.08 மீட்டர், என்றால் அதிர்வெண் ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோட்டார் சைக்கிளில் அது 11,000 ஹெர்ட்ஸ். சிறிய சிலிண்டருக்கு உயர்ந்த சுருதி!

1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இந்த அலைகளை ஆராய்ந்தவர் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். பின்னாளில் அப்பல்லோ விண்கலங்களுக்கு வழிகாட்டும் கருவியை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவரும் இவரே.

படிகக் காது

சமையலறையில் காஸ் லைட்டரை அழுத்தினால் பொறி பறக்கிறதல்லவா? சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும். இதனை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அத்தகைய பொருளால் ஆன சிறு வில்லை ஒன்றை இன்ஜினின் உடலில் போல்ட்டால் இறுக்கிவிடுகிறார்கள். இன்ஜின் அதிர, வில்லை மின்குறிப்பைத் தருகிறது. அதிலிருந்து 7,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை மட்டும் மின்சுற்று வடிகட்டி எடுக்கிறது.

அதுவும் போதாது. வால்வு மூடும் ஓசையிலும் அந்த அதிர்வெண் கலந்திருக்கும். ஆகவே 'எப்போது கேட்பது' என்பதும் முக்கியம். பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும் வேளையில்தான் தட்டல் வரும். நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 10 மில்லி வினாடி. அதில் 60 டிகிரி மட்டும் கேட்டால், கிடைப்பது 1.67 மில்லி வினாடி. அதற்குள் 7,000 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 12 முறை அதிர்ந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அது போதும்! வழக்கமான இரைச்சலைவிட ஓசை மிகுந்திருந்தால், தீப்பொறியை உடனே சில டிகிரி தாமதப்படுத்தும். தட்டல் நின்றதும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். 1980-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு சாப் நிறுவனம், தட்டலைக் கேட்டவுடன் டர்போவின் அழுத்தத்தையே குறைக்கும் முறையைத் தன் கார்களில் கொண்டுவந்தது.

நஞ்சா, காதா?

தட்டலை அடக்க வேறொரு வழியும் இருந்தது. 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைச் சிறிதளவு பெட்ரோலில் சேர்த்தால் தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். மலிவான மருந்து! ஆனால் 1924-இல் நியூஜெர்சியில் அதனைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐவர் நஞ்சேறி இறந்தார்கள். புகைவழியே காற்றில் கலந்த ஈயம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பல்லாண்டுகள் கெடுத்தது. இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் 2000-இல்தான் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் அதனைக் கைவிட்டது.

ஈயத்தை விலக்கிய பிறகும் இன்ஜின்களின் திறன் குன்றவில்லை. பெட்ரோலைத் தூய்மையாக்கும் முறைகள் முன்னேறியதோடு, இந்தப் படிகக் காதும் துணை நின்றது.

மாணவர்களே! வெவ்வேறு அகலமுள்ள பாத்திரங்களில் நீரூற்றி, இலேசாக அசைத்துப் பாருங்கள். பத்து அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீரலைக்குரிய விதி வேறு. எனினும் குறுகிய பாத்திரத்தில் அலைவு விரைவாக நிகழ்வதை உங்கள் கண்ணாலேயே காணலாம்.