ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே: கொடுவா மீனின் வலசை

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளிடையே அமைந்த லெம்பா பெர்த்தாமுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். குறிஞ்சியையும் நெய்தலையும் வெவ்வேறு திணைகளாகப் பயிலும் மாணவனுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் இரண்டையும் இணைப்பது ஆறு. பெர்த்தாம் ஆறு தெலோம் ஆற்றோடும், அது ஜெலாய் ஆற்றோடும் சேர்ந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலில் கலக்கிறது. 1963-இல் ரிங்லெட்டில் அமைந்த சுல்தான் அபு பக்கார் அணை, மின்சாரம் எடுக்கும் பொருட்டு அந்நீரின் பெரும்பகுதியைச் சுரங்க வழியே மேற்கே பேராக் பக்கம் திருப்பிவிட்டது. ஆகவே இம்மலையில் பெய்யும் மழை இன்று இருபுறத்துக் கடல்களையும் சேர்கிறது.

அக்கடலோரங்களில், ஆற்றையும் கடலையும் ஒருசேர நம்பி வாழும் மீன் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு மீனவர் அதனைக் கொடுவா என்பர். மலாய்க்காரர் சியாக்காப் என்பர். அது மலையேறி வருவதில்லை. எனினும் அதன் வாழ்வு ஆற்றின் நலத்தைப் பொறுத்தது.

வேட்டை மீன்

பாரசீக வளைகுடா முதல் ஆஸ்திரேலியாவின் வடகரை வரை கொடுவா பரவியுள்ளது. 1790-இல் புளோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். நன்கு வளர்ந்த மீன் ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளும். வேர்களுக்கும் விழுந்த மரங்களுக்கும் இடையே பதுங்கியிருந்து, இரை அருகில் வந்ததும் அகன்ற வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும். இறாலும் சிறு மீன்களும் இதன் உணவு. தன் இனத்துக் குஞ்சுகளையும் இது விட்டுவைப்பதில்லை. அதனால்தான் பண்ணைகளில் குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரித்து வளர்க்கின்றனர்.

இருவழிப் பயணம்

சால்மன் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். கொடுவாவின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. மழைக்காலத்தை ஒட்டி, முழுமதி, மறைமதி நாட்களையடுத்து இது ஆற்றுமுகங்களில் கூடி உப்புநீரில் முட்டையிடும். ஏறுகின்ற அலை முட்டைகளையும் குஞ்சுகளையும் கழிமுகத்துக்குள் கொண்டு சேர்க்கிறது. முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். குஞ்சுகள் சதுப்புநிலக் காடுகளிலும் மழைவெள்ளம் தேங்கிய குட்டைகளிலும் அடைக்கலம் பெறுகின்றன. பின்னர்ப் பல மீன்கள் நன்னீர் நோக்கி ஆற்றில் ஏறுகின்றன. மூன்று நான்கு ஆண்டுகள் அங்கே வளர்ந்து, மீண்டும் கழிமுகத்துக்கு இறங்குகின்றன.

எல்லா மீனும் ஆறு ஏறுவதில்லை என்பதையும் அறிவியலார் கண்டறிந்துள்ளனர். மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில், மரத்தின் வளையங்களைப் போல் ஆண்டுதோறும் படிவு சேரும். அதிலுள்ள ஸ்ட்ரோன்டியத்தின் அளவைக் கொண்டு, அம்மீன் எந்தப் பருவத்தில் நன்னீரில் இருந்தது, எப்போது உவர்நீரில் இருந்தது என்று கூறிவிடலாம். வாழ்நாள் முழுதும் கடலோரத்திலேயே தங்கிவிட்ட மீன்களும் உண்டு என்பது இவ்வாறு தெரியவந்தது.

ஆண் பெண்ணாதல்

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாக மாறுகிறது. ஆகவே ஓர் ஆற்றுமுகத்திலுள்ள மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்களே. ஒரு பெரிய பெண்மீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கான முட்டைகளை ஈனவல்லது. பெரிய மீனைப் பிடிப்பதே பெருமை என்று எண்ணி அவற்றையே தேடிப் பிடித்தால், இனத்தின் தாய்களே அற்றுப்போகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனை மட்டுமன்றி, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் பிடிக்கலாகாது என்று விதித்திருப்பதன் காரணம் இதுவே.

தாய்லாந்தில் 1970-களில் கொடுவாவுக்குச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யக் கற்றனர். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் 1997-இல் அதனைச் சாதித்தது. இன்று மலேசியச் சந்தைகளிலும் பண்ணைச் சியாக்காப் தாராளமாகக் கிடைக்கிறது. இதைக் கண்டு, இயற்கையில் வாழும் மீனைப் பற்றிக் கவலை வேண்டா என்று கருதுதல் தவறு. ஆற்றின் குறுக்கே தடுப்பு எழுந்தால் குஞ்சுகள் ஏற இயலாது. சதுப்புநிலக் காடு அழிந்தால் அவை ஒதுங்க இடமிராது.

மேட்டு நிலத்தார்க்கும் இதில் பங்குண்டு. மலைச்சரிவுகளைத் திருத்துவதால் அரித்துச் செல்லும் மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்துவருவதைக் கேமரன் மலையில் வாழ்வோர் அறிவர். தேங்காது தப்பிய மண் ஆற்றோடு கீழே செல்கிறது. ஐந்திணை கற்பிக்கும் ஆசிரியர், பள்ளிக்கு அருகே ஓடும் ஆறு எந்தக் கடலைச் சேர்கிறது, அங்கே எந்த மீன் அதை நம்பி வாழ்கிறது என்று மாணவரைக் கேட்கலாம். குறிஞ்சியும் நெய்தலும் ஒரே நீரால் பிணைந்தவை என்பது அவர்களுக்கு எளிதில் விளங்கும்.