வேம்பு இருக்க விஷம் எதற்கு?

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்ததும் கொல்லைப்புறத்துக்குப் போய்ப் பார்க்கிறோம். தளதளவென்று நின்ற கறிவேப்பிலைக் கன்றில் காம்புந் நரம்புமே மிஞ்சியிருக்கின்றன. முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் ஜமக்காளம் விரித்தாற்போல் அப்பிக் கிடக்கின்றன. வீட்டு எஜமானருக்குக் கோபம் பொங்குகிறது. கடைக்கு ஓடிக் கடுமையான விஷ மருந்து ஒரு புட்டி வாங்கி வந்துவிடுகிறார்.

சற்றே பொறுக்கும்படி அவரை வேண்டிக் கொள்கிறோம். வயலிலாவது அறுவடைக்கு இத்தனை நாள் முன்னதாக மருந்தை நிறுத்தவேண்டும் என்று விதி செய்யலாம். கறிவேப்பிலைச் செடியிலோ நித்தியம் அறுவடை! இன்று விஷம் தெளித்த இலையை நாளைக்குக் குழந்தையின் ரசத்தில் அல்லவா கிள்ளிப் போடப் போகிறோம்?

முதல் உபாயம் கண்ணும் கையுந்தான். கறிவேப்பிலை, எலுமிச்சைத் தளிர்களைக் காலையில் திருப்பிப் பாருங்கள். இளம்புழு பறவையின் எச்சம் போலவே தோன்றி ஏமாற்றும். வளர்ந்தபின் இலையோடு இலையாய்ப் பச்சை நிறம் கொள்ளும். பத்துச் செடிகளில் பொறுக்கக் கால்மணி நேரம் போதும். முருங்கைப் பூச்சி இரவில் மேய்ந்து, பகலில் அடிமரத்தில் கூட்டமாய்த் தங்குவது. ஆதலால் பகலில், நீண்ட துடைப்பத்தால் சவர்க்கார நீர் நிறைந்த வாளியில் தள்ளிவிடலாம். ரோமம் பட்டால் உடம்பு தடித்து அரிக்கும். குழந்தைகள் விலகி நிற்கட்டும்.

அதற்கும் அடங்காவிடில் வேப்பங்கொட்டை இருக்கிறது. பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிடுங்கள். பால்போல் வெளுக்கும்வரை பிழிந்து வடிகட்டி, சிறிது சவர்க்காரக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். வெயிலில் இதன் வீரியம் விரைவில் கெடும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். புழு அக்கணமே சாகவில்லையே என்று சலிக்க வேண்டாம். அது இலையைத் தின்ன மறுக்கும். தோலுரித்து வளர முடியாமல் மடியும். இலையைப் பறித்தபின் நன்றாய்க் கழுவ வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது வெறும் பாட்டி வைத்தியமன்று. 1962-ல் புது டில்லி விஞ்ஞானிகள் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிர்களில் தெளித்தபோது, வந்திறங்கிய வெட்டுக்கிளிகள் அவற்றைத் தின்னாமல் விட்டன. 1968-ல் இங்கிலாந்தில் அசாடிராக்டின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க அரசின் விவசாய இலாகாவும் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் 1994-ல் ஐரோப்பாவில் தனியுரிமையே பெற்றுவிட்டன! இந்தியர்களும் அவர்தம் நண்பர்களும் வழக்காடினர். 2000-ல் அவ்வுரிமை ரத்தாயிற்று, 2005-ல் அத்தீர்ப்பு உறுதியாயிற்று. அயலார் உரிமை கொண்டாட வந்த பொருள் நம் வாசலில் உதிர்ந்து கிடக்கையில், நாம் குப்பையோடு பெருக்கித் தள்ளுகிறோம்.

இன்னொன்று. விஷத்தால் புழு மட்டும் சாவதில்லை. புழுவைக் கவ்விச் சென்று தன் குஞ்சுக்கு ஊட்டும் குளவியும் சாகிறது. அடுத்த முறை புழு பகைவனின்றிப் பெருகும். தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் நமக்குக் கூலி கேளாத காவலர். அவற்றுக்காகச் சில புழுக்களை விட்டுவையுங்கள். எலுமிச்சையில் ஒன்று தப்பினால், அது வண்ணத்துப்பூச்சியாய்ப் பறப்பதை வீட்டுக் குழந்தைகள் பார்க்கட்டுமே!