ஓர் ஏழை அபேட்சகரின் விஞ்ஞாபனம்

தேர்தல் காலம் வந்துவிட்டால் நமது தேசத்தில் அபேட்சகர்களின் புகழ்மாலைகளுக்குக் குறைவில்லை. சுவரெங்கும் அவர்களுடைய திருமுகம். தெருவெங்கும் அவர்களுடைய நாமம். இன்னார் இன்ன வமிசத்தவர், இன்ன தலைவருக்கு அந்தரங்கமானவர், பணம் செலவிடத் தயங்காதவர் என்பதெல்லாம் ஓட்டர்களின் காதில் ஓயாமல் ஓதப்படுகிறது. ஆனால் சட்டசபைக்குப் போய் அவர் செய்யக் கருதுவது யாது, அதற்கு எவ்வளவு திரவியம் பிடிக்கும், அத்திரவியம் எங்கிருந்து வரும் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. நம் பெரிய மாநிலங்களில் சட்டசபை அபேட்சகர் ஒருவர் செலவிடக்கூடிய தொகையின் வரம்பு 2022-ம் வருஷத்தில் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வளவு பணத்தைக் கண்ணாலும் கண்டிராத ஒருவன் தேர்தலுக்கு நிற்பது எங்ஙனம் என்று தொண்டர்கள் பலர் நம்மைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. அதனை மனத்தில் வைத்துக்கொண்டு, கையில் காசும் பின்னால் பந்துக்களும் இல்லாமல் 1832-ல் அமெரிக்காவில் ஒரு சட்டசபைத் தேர்தலுக்கு நின்ற வாலிபர் ஒருவரின் வரலாற்றை இங்கு எழுதப் புகுகிறோம்.

அவ்வாலிபர் ஆபிரகாம் லிங்கன். பின்னாளில் ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாகி, அடிமைத்தளையை அறுத்து, 1865-ல் குண்டுக்கு இரையான அம்மகானை யாவரும் அறிவர். அந்த லிங்கனை நாம் இங்கே பேசவில்லை. இல்லினாய் இராஜ்யத்தில் சாங்கமன் ஜில்லாவைச் சேர்ந்த நியூ சேலம் என்னும் குக்கிராமத்தில் (நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை) ஒரு கடையில் குமாஸ்தாவாக இருந்த இருபத்துமூன்று வயதுப் பிள்ளையாண்டானைப் பற்றியே நமது பேச்சு.

1809-ல் கென்டக்கியில் மரக்கட்டைகளால் கட்டிய குடிசையில் பிறந்தவர். ஒன்பது வயதில் தாயை இழந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. காடு வெட்டினார், வேலி அடைக்க மரம் பிளந்தார், கூலிக்குப் படகு தள்ளினார். 1831-ம் வருஷம் வசந்த காலத்தில் சரக்கேற்றிய தட்டைப்படகு ஒன்றை நியூ ஆர்லியன்ஸுக்குச் செலுத்திச் செல்லும்போது, நியூ சேலத்தில் மாவு ஆலைக்காகக் கட்டியிருந்த அணையின்மேல் படகு ஏறிச் சிக்கிக்கொண்டது. பின்பக்கம் நீரில் அமிழ்ந்துகொண்டிருந்தது. கரையில் கூடிய ஜனங்கள் வேடிக்கை பார்க்க, லிங்கன் சரக்கில் ஒரு பகுதியை இறக்கி, மற்றதை முன்பக்கம் தள்ளி, அணைக்கு வெளியே நீண்டிருந்த படகின் மூக்கில் துளையிட்டு, புகுந்த தண்ணீரை வடியவிட்டு, துளையை அடைத்துப் படகை அப்பால் கடத்திவிட்டார். அவ்வூரார் அவரை முதன்முதல் கண்டது இப்படித்தான். அதே வருஷம் அவ்வூரிலேயே வந்து தங்கினார். மறு வருஷமே சட்டசபைக்கு அபேட்சகர்!

1832-ம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதியிட்டு அவர் எழுதிய விஞ்ஞாபனம் ‘சாங்கமோ ஜர்னல்’ என்ற பத்திரிகையில் வெளியாயிற்று. இதை நம் அபேட்சகர்கள் ஒருமுறையேனும் வாசிப்பார்களாயின் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் வராது. அதில் வசைமொழி இல்லை. எதிரியின் பெயர்கூட இல்லை. அவர் எடுத்துக்கொண்ட முதல் விஷயம் போக்குவரத்து. விளைந்த தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அந்த ஜில்லாவின் குடியானவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இருப்புப்பாதை என்பது புதுமோகம். இல்லினாய் நதியிலிருந்து ஜாக்ஸன்வில் வழியாக ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பாதை போடவேண்டும் என்று கூட்டங்கள் கூடின. லிங்கன் சொல்வதைக் கவனியுங்கள்: இருப்புப்பாதையைவிட உபயோகமானது வேறில்லை என்று ஒப்புக்கொள்கிறார், ஆனால் அதற்கு மதிப்பிட்டுள்ள தொகை 2,90,000 டாலர் என்பதை எடுத்துக்காட்டி, இத்தொகையை நினைத்தாலே நம் நம்பிக்கை சோர்கிறது, நமது இளம் நாட்டின் சக்திக்கு ஏற்றது சாங்கமன் நதியைச் செப்பனிடுவதே என்று வாதிக்கிறார். ஜனங்கள் மயங்கிக் கிடக்கும் ஒரு பொருளை, அவர்களிடமே ஓட்டுக் கேட்கும் பத்திரத்தில், ‘நமக்குக் கட்டாது’ என்று எழுதத் துணிந்தவர் நம் நாட்டு அபேட்சகர்களில் எத்தனை பேர்?

நதியைப்பற்றி அவர் பேசுவதும் கேள்வி ஞானத்தால் அன்று. தாமே அந்நதிக்கரையில் படகு கட்டியதையும், பிறகு ஆலையில் வேலை செய்ததையும், பன்னிரண்டு மாத காலமாக நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்து வந்ததையும் சொல்லி, அடித்து வரப்படும் மரங்களே பெரிய இடையூறு என்கிறார். நதி வளைந்து வளைந்து ஓடும் இடங்களில் குறுக்கே நேர்க்கால் வெட்டிவிட்டால் நீர் வேகம்கொண்டு தன் வழியைத் தானே துலக்கிக்கொள்ளும் என்பது அவர் யோசனை. செலவு எவ்வளவு என்று தம்மால் சொல்ல இயலாது என்பதையும் மறைக்கவில்லை. அந்த மார்ச்சு மாதத்திலேயே ‘டாலிஸ்மன்’ என்னும் சிறு நீராவிக் கப்பல் அந்நதியில் ஏறி வந்தது. கோடரி ஏந்திக் கரையோரக் கிளைகளை வெட்டி அதற்கு வழிசெய்தவர்களில் லிங்கனும் ஒருவர். திரும்பும்போது நீர் வற்றிவிட, நியூ சேலம் அணையில் ஒரு பகுதியை இடித்துத்தான் கப்பலைக் கடத்த நேர்ந்தது. ஜனங்களின் உற்சாகமும் வற்றிவிட்டது என்று சொல்லவேண்டுவதில்லை.

இரண்டாவது, வட்டி. அளவுகடந்த வட்டி வாங்குவதற்குச் சட்டத்தால் வரம்பு கட்டவேண்டும் என்று அவர் கோருகிறார். ஆயினும் உயிர்போகும் அவசரத்தில் கடன் வாங்குபவன் எந்தச் சட்டத்தையும் தாண்டிப்போக வழி கண்டுபிடிப்பான் என்றும் சேர்த்தே எழுதுகிறார். 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் செய்த நம் தமிழ்நாட்டார்க்கு இவ்வாக்கியத்தின் பொருளை விளக்கவேண்டுமா? மூன்றாவது, கல்வி. ஒரு சமூகம் ஈடுபடக்கூடிய காரியங்களில் தலையாயது இதுவே என்கிறார். ஒவ்வொருவனும் தன் நாட்டின் சரித்திரத்தையும் பிற நாடுகளின் சரித்திரத்தையும் படித்து, சுதந்திர ஸ்தாபனங்களின் மதிப்பை உணரும் அளவுக்கேனும் கல்வி பெறவேண்டும் என்பது அவர் ஆசை. இதற்கு இன்ன திட்டம் என்று விதிக்கத் தமக்கு யோக்கியதை இல்லை என்று நிறுத்திக்கொள்கிறார். ஒரு வருஷமும் பள்ளிக்குப் போகாதவர் கல்வியை முதலில் வைத்ததும், திட்டம் சொல்லத் தயங்கியதும் இரண்டுமே நம் மனத்தைத் தொடுகின்றன.

கடைசிப் பகுதிதான் நம்மை மிகவும் கவர்ந்தது. தம் கருத்துக்கள் தவறானவை என்று கண்டால் அக்கணமே கைவிடச் சித்தமாயிருப்பதாகக் கூறுகிறார். ஒவ்வொரு மனிதனுக்கும் ஓர் ஆசை உண்டு என்றும், உடன்வாழும் மக்களின் மதிப்புக்குத் தகுதியுடையவராகி அம்மதிப்பைப் பெறுவதைக்காட்டிலும் பெரிய ஆசை தமக்கில்லை என்றும் சொல்கிறார். தாம் இளைஞர், பலருக்கும் தெரியாதவர், தாழ்ந்த நிலையில் பிறந்து அதிலேயே இருப்பவர், சிபாரிசு செய்யப் பணக்கார உறவினரோ செல்வாக்குள்ள நண்பரோ இல்லாதவர் என்கிறார். ஜில்லாவின் சுதந்திர ஓட்டர்களிடமே தம் வழக்கை ஒப்படைக்கிறார். தேர்ந்தெடுத்தால் ஓயாமல் உழைத்து அக்கடனைத் தீர்ப்பதாகவும், தள்ளிவிட்டால் ஏமாற்றங்கள் தமக்குப் பழக்கமானவை, பெரிதாக வருந்தப்போவதில்லை என்றும் முடிக்கிறார். பொது ஊழியத்தை ஜனங்கள் தமக்குச் செய்யும் உபகாரமாகக் கருதுகிறாரே அன்றி, தாம் அவர்களுக்குச் செய்யும் உபகாரமாக அன்று.

விஞ்ஞாபனம் வெளியான ஒரு மாதத்துக்கெல்லாம் கடை நொடித்தது. ‘பிளாக் ஹாக்’ யுத்தம் மூண்டது. லிங்கன் தொண்டர் படையில் சேர்ந்தார்; அப்படையாரே அவரைத் தங்கள் தளகர்த்தராகத் தேர்ந்தெடுத்தார்கள். போர்முகம் காணாமலே ஜூலையில் திரும்பினார். (கொசுக்களோடு பல ரத்தக்களரியான சண்டைகள் செய்ததாகப் பின்னர் அவரே பரிகாசமாகச் சொல்லியிருக்கிறார்.) பிரசாரத்துக்கு மிஞ்சியவை சில வாரங்களே. ஆகஸ்டு 6-ந் தேதி தேர்தல். அக்காலத்தில் இல்லினாயில் இரகசிய ஓட்டுக் கிடையாது. ஓட்டர் அதிகாரிகளின் முன் நின்று அபேட்சகரின் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பதின்மூன்று அபேட்சகர்களில் நால்வருக்கே இடம். லிங்கன் எட்டாவதாக வந்து தோற்றார். ஆனால் அவரை நேரில் அறிந்த நியூ சேலம் வட்டாரத்தில் விழுந்த சுமார் 300 ஓட்டுக்களில் 277 அவருக்கே. இத்தனைக்கும் அவர் கிளேயின் கட்சி. அதே வட்டாரத்தார் அவ்வருஷ ஜனாதிபதித் தேர்தலில் கிளேயைத் தள்ளி ஜாக்ஸனுக்குப் பெருவாரியாக ஓட்டளித்தவர்கள். கட்சி வேறென்று அறிந்தும், பலர் காதில் விழ, ‘லிங்கன்’ என்று சொன்னார்கள் அவர்கள்.

பிறகு அவர் பங்குக்கு நடத்திய கடையும் முழுகிற்று. அந்தக் கடனைத் தீர்க்கப் பல வருஷங்கள் பிடித்தன. தபால் அதிகாரியாகவும் நில அளவையாளராகவும் ஜில்லாவெங்கும் நடந்து திரிந்ததால் ஜனங்கள் அவரை அறிந்தார்கள். 1834-ல் 1,376 ஓட்டுப் பெற்று இரண்டாவதாக வந்தார். வண்டேலியா சட்டசபைக்குக் கந்தல் உடையோடு போகக்கூடாதென்று நண்பர் ஒருவரிடம் 200 டாலர் கடன் வாங்கி உடை தைத்துக்கொண்டு போனார். 1842 வரை நான்கு முறை அவர் அங்கத்தினர்.

அங்கே அவர் செய்தவை யாவும் நமக்கு உவப்பானவை அல்ல. 1832-ல் 2,90,000 டாலரைக் கண்டு அஞ்சியவர், 1837-ல் சுமார் ஒரு கோடி டாலர் செலவில் இருப்புப்பாதைகளும் கால்வாய்களும் அமைக்கும் பெருந்திட்டத்தை முன்னின்று ஆதரித்தார். தம் ஜில்லாவின் ஒன்பது நெட்டை அங்கத்தினர்களில் ஒருவராக நின்று தலைநகரை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றச் செய்தார். அவ்வருஷமே பொருளாதார வீழ்ச்சி வந்தது, திட்டம் சரிந்தது, இராஜ்யம் பல்லாண்டுகள் கடனில் ஆழ்ந்தது. முற்றிலும் முடிந்தது ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போகும் ஒரு சிறு பாதையே. முன்பு ‘நமக்குக் கட்டாது’ என்று அவர் எழுதினாரே, அந்தப் பாதைதான் அது! ஓட்டுக்கு நிற்கையில் கணக்குப் பார்த்தவர் பதவியில் அமர்ந்தபின் கணக்கை மறந்தார் என்றே நாம் சொல்லவேண்டும். 1836-ல் அவர் வெளியிட்ட சிறு அறிக்கையில் வரி செலுத்தும் அல்லது ஆயுதம் தாங்கும் வெள்ளையர் எல்லோருக்கும், ஸ்திரீகளையும் விலக்காமல், ஓட்டுரிமை வேண்டும் என்றார். ஸ்திரீகளை நினைத்தவர் கறுப்பு மக்களை நினைக்கவில்லை.

ஆனால் அடிமைத்தனம் என்ற பிரச்சினை சட்டசபைக்கே வந்தபோது அவர் நின்ற இடத்தைச் சொல்லவேண்டும். 1837 ஜனவரியில், அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்தும், அடிமைகளை வைத்திருக்கும் உரிமை புனிதமானது என்றும் ஒரு தீர்மானம் வந்தது. ஆதரவு 77, எதிர்ப்பு 6. அறுவரில் ஒருவர் லிங்கன். அதோடு நில்லாமல் மார்ச்சு 3-ந் தேதி ஓர் ஆட்சேபணையை எழுதிச் சபையின் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் செய்தார். ஒழிப்புக் கிளர்ச்சியால் தீமை பெருகும் என்றும், இராஜ்யங்களுக்குள் தலையிட மத்திய சபைக்கு அதிகாரமில்லை என்றும் அதில் அவர் ஒப்புக்கொண்டது உண்மை. இன்று வாசிக்கையில் அது மெலிந்த குரலாகவே ஒலிக்கிறது. எனினும் அடிமைமுறை அநீதியின்மேலும் கெட்ட கொள்கையின்மேலும் கட்டப்பட்டது என்று அதில் தெளிவாக எழுதினார். அதனால் ஒரு ஓட்டும் கூடாது; பல ஓட்டுக்கள் குறையலாம். கையெழுத்திட அவரோடு முன்வந்தவர் டான் ஸ்டோன் என்ற ஒருவரே. அவரோ சட்டசபையை விட்டு நியாயாதிபதி பதவிக்குப் போக இருந்தவர். மறுபடியும் அதே ஓட்டர்களிடம் போய் நிற்கவேண்டியவர் லிங்கன் ஒருவர்தான். 1860-ல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதிய அவர், இந்த ஆட்சேபணையை எடுத்துக்காட்டி, அடிமைத்தனத்தைப்பற்றித் தமது நிலை அன்று இருந்ததே இன்றும் என்று எழுதினார்.